ஸூலியின் வைரம்: சதுரங்க மாத் புதிர்களும் கணினியின் சான்றும்

பலகையில் நான்கே காய்கள். வெள்ளைக்கு ஓர் அரசனும் ஓர் அமைச்சரும், கறுப்புக்கும் அவ்வாறே. வெள்ளை முதலில் நகர்த்தி வெல்ல வேண்டும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் புகழோடு விளங்கிய அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலி விட்டுச் சென்ற புதிர் இது. தம்மிடம் கற்றவரைத் தவிர வேறெவராலும் இதைத் தீர்க்க இயலாது என்ற பொருள்பட அவர் எழுதி வைத்தார். அக்கூற்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பொய்க்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் டேவிட் ஹூப்பர், கென்னத் வைல்ட் என்னும் ஆங்கிலச் சதுரங்க வரலாற்றறிஞர்கள் இருவரும் முயன்று பார்த்தும் முடிச்சு அவிழவில்லை. இறுதியில் ரஷ்யக் கிராண்ட்மாஸ்டர் யூரி அவர்பாக் (1922–2022) அதைத் தீர்த்து, வெள்ளைக்கு வெற்றி உண்டு என நிறுவினார். ‘ஸூலியின் வைரம்’ என இன்று உலகெங்கும் அது அழைக்கப்படுகின்றது.

அவர்பாக் அத்தீர்வைக் கண்ட அதே காலத்தில்தான் சதுரங்கப் புதிர்களைத் தீர்க்கும் கணினி நிரல்களும் முதிர்ச்சி அடைந்து வந்தன. இன்று ஒரு சாதாரண வீட்டுக் கணினி இத்தகைய நான்கு காய் நிலைகள் அனைத்துக்கும் விடை சொல்லிவிடும். அப்படியானால் அந்த ஆயிரம் ஆண்டு மௌனத்துக்கு என்ன பொருள்? கணினி நமக்குத் தருவது எதை, தர இயலாதது எதை? இஸ்லாமிய நாகரிகம் வளர்த்த ஓர் அறிவுக் கலையின் வரலாற்றோடு இக்கேள்விகள் பின்னிப் பிணைந்துள்ளன. அவற்றில் நம் சென்னப்பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மன்ஸூபா என்னும் கலை

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ‘ஷாஹ் மாத்’ என்னும் சொல்லாட்சியே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் உருமாறி வழங்குகின்றது. அரபியர் இவ்விளையாட்டை ஆடியதோடு நில்லாமல் அதை ஆய்வுப் பொருளாகவும் ஆக்கினர். கலீஃபா அல்முதவக்கிலின் (847–861) காலத்தவரான அல்அத்லீ சதுரங்கம் பற்றித் தனிநூல் இயற்றினார். அக்கலீஃபாவின் முன்னிலையில் அவரை வென்ற அர்ராஸியும் நூலாசிரியரே. கி.பி. 987இல் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு அந்நதீம், இவர்களோடு அஸ்ஸூலி, அவருடைய மாணவர் அல்லஜ்லாஜ் ஆகியோரையும் சதுரங்க நூலாசிரியர்களாகப் பதிவு செய்துள்ளார்.

இந்நூல்களின் சிறப்பான பகுதி ‘மன்ஸூபா’ எனப்படும் புதிர்களாகும். ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்பது அச்சொல்லின் பொருள். காய்களைக் குறிப்பிட்ட நிலையில் நிறுத்திவிட்டு, இன்ன தரப்பு இத்தனை நகர்த்தலில் வெல்ல வேண்டும் எனக் கேட்பது அதன் முறை. பெரும்பாலான மன்ஸூபாக்களில் ஒரு நுட்பமான ஏற்பாடு காணப்படும். வெல்ல வேண்டிய தரப்பின் அரசனே அடுத்த நகர்த்தலில் வீழும் ஆபத்தில் இருப்பான். எனவே ஒவ்வொரு நகர்த்தலும் எதிரி அரசனுக்கு ‘ஷாஹ்’ சொல்வதாக அமைய வேண்டும். ஒரு முறை தவறினாலும் ஆட்டம் கைமாறிவிடும்.

இவ்விளையாட்டின் ஆகுமை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததை வாசகர்கள் அறிவர். பந்தயம் கலவாமலும் தொழுகையைப் பாழாக்காமலும் இருக்குமாயின் அது ஹராம் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் அறியப்பட்ட நிலைப்பாடாகும். ஏனைய மத்ஹபுகள் கூடுதல் கண்டிப்பைக் காட்டின. பலகைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டே ஆடக்கூடியவராகத் தாபிஈ அறிஞர் ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியும் பழைய நூல்களில் இடம்பெறுகின்றது. இந்த விவாதத்தில் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் பந்தயத்திலிருந்து விலகி நின்று, சிந்தனைக்காகவே படைக்கப்படும் புதிர் என்னும் வடிவம் இந்நாகரிகத்தில் செழித்தது என்பது கருதத்தக்கது.

அறிஞர் ஸூலி

அஸ்ஸூலியை வெறும் ஆட்டக்காரராகக் கொள்வது பிழையாகும். ஜுர்ஜான் பகுதியை ஆண்ட துருக்கியக் குடும்பத்தின் வழித்தோன்றலான அவர், அப்பாஸிய அரசவையின் ‘நதீம்’, அதாவது கலீஃபாவின் அறிவுத் தோழர். ‘கிதாபுல் அவ்ராக்’ என்னும் வரலாற்று நூலும், எழுத்தர்களுக்கான ‘அதபுல் குத்தாப்’ என்னும் கையேடும் அவருடையவை. அபூதம்மாம், அபூநுவாஸ் போன்ற பெருங்கவிஞர்களின் திவான்களைத் தொகுத்து வகைப்படுத்தியவரும் அவரே.

கலீஃபா அல்முக்தஃபியின் (902–908) அவையில் அல்மாவர்தீ என்பவரே சதுரங்க வல்லவராக மதிக்கப்பட்டிருந்தார். கலீஃபாவின் ஆதரவும் அவர் பக்கமே இருந்தது. அவரை எதிர்கொண்டு தெளிவாக வென்றதன் மூலம் ஸூலியின் பெயர் நிலைபெற்றது. பின்னர் கலீஃபா அர்ராளி (934–940), அழகிய தோட்டமொன்றைக் காட்டித் தோழர்கள் வியந்தபோது, ஸூலியின் ஆட்டம் அதனினும் அழகியது எனக் குறிப்பிட்டதாக வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி பதிவு செய்துள்ளார். இவ்வளவு புகழ் பெற்றவர், காலமாற்றத்தால் பக்தாதை விட்டு நீங்க நேர்ந்து, ஹிஜ்ரி 335 அளவில் (கி.பி. 946–947) பஸ்ராவில் மறைந்திருந்த நிலையிலேயே காலமானார்.

அவருடைய வைரத்தின் கடினம் எதில் உள்ளது என்பதை விளங்கிக்கொள்ள அக்கால விதிகளைச் சிறிது அறிய வேண்டும். இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று நின்றது ‘ஃபிர்ஸான்’ எனப்படும் அமைச்சர். அது மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் மட்டுமே நகரும். இன்றைய ராணி பலகையிலேயே வலிமை மிக்க காய். அன்றைய ஃபிர்ஸானோ மிக எளிய காய்களுள் ஒன்று. மேலும், அரசனை முற்றுகையிட்டு மாத் செய்வது மட்டுமே வெற்றி ஆகாது. எதிரியின் ஏனைய காய்கள் அனைத்தையும் வெட்டி அரசனைத் தனியனாக்குவதும் வெற்றியே. அடுத்த நகர்த்தலிலேயே எதிரியும் அவ்வாறு செய்துவிட்டால் ஆட்டம் சமன் என்பது பரவலான வழக்கு. மதீனாவாசிகள் மட்டும் முதலில் செய்தவருக்கே வெற்றி எனக் கொண்டனர்.

ஆகவே வைரத்தில் வெள்ளையின் இலக்கு, கறுப்பின் ஃபிர்ஸானைத் தன் ஃபிர்ஸானை இழக்காமல் பிடிப்பது. மற்ற மன்ஸூபாக்களைப் போல அடுக்கடுக்காக ஷாஹ் சொல்லி இதை முடிக்க இயலாது. இரு அரசர்களும் மெல்ல நடந்து, ஒருவர் கட்டத்தை மற்றவர் அடைத்து, சரியான தருணத்தில் எதிரியை இடம்பெயரச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் அமைதியானது. எது பயனுள்ளது, எது வீண் என்பது பல நகர்த்தல்கள் கழித்தே தெரியவரும். மனித மனம் தடுமாறும் இடம் இதுவே.

கணினி தேடும் இரு வழிகள்

சதுரங்கப் புதிர்களைத் தீர்க்கக் கணினிக்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது முன்னோக்கிச் செல்வது. கொடுக்கப்பட்ட நிலையிலிருந்து வெள்ளைக்கு இயலும் நகர்த்தல்கள் அனைத்தையும், அவற்றுக்குக் கறுப்பின் மறுமொழிகள் அனைத்தையும், மீண்டும் வெள்ளையின் நகர்த்தல்களையும் வரிசையாகச் சோதிப்பது இம்முறை. கறுப்பு எதைச் செய்தாலும் குறித்த எண்ணிக்கைக்குள் மாத் விளைகிறது என உறுதியானால் அந்த முதல் நகர்த்தலே விடையாகும்.

இதன் பளு எவ்வளவு என்பதை ஒரு தோராயக் கணக்கால் உணரலாம். ஒவ்வொரு முறையும் 30 நகர்த்தல்கள் இயலும் என வைத்துக்கொள்வோம். இரண்டு நகர்த்தலில் மாத் என்னும் புதிருக்கு வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மூன்று அடுக்குகள். ஆகவே 27,000 வரிசைகள். மூன்று நகர்த்தல் புதிருக்கு ஐந்து அடுக்குகள்; 2 கோடியே 43 இலட்சம் வரிசைகள். நான்கு நகர்த்தல் எனில் ஏழு அடுக்குகள். 2,187 கோடி வரிசைகள். ஒரு நகர்த்தல் கூடும்போது பளு 900 மடங்கு பெருகுகின்றது. பயனற்ற கிளைகளை முன்னரே வெட்டிவிடும் உத்திகளாலேயே நிரல்கள் இதைச் சமாளிக்கின்றன.

இவ்வழியில் முதல் வெற்றி இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கிட்டியது. 1951 நவம்பரில் டீட்ரிக் பிரின்ஸ் என்பவர் அங்குள்ள ஃபெரான்ட்டி மார்க் 1 கணினிக்காக எழுதிய நிரல், இரண்டு நகர்த்தலில் மாத் ஆகும் புதிரைத் தீர்த்தது. முழு ஆட்டத்தை ஆடும் ஆற்றல் அக்கணினிக்கு இல்லை. எனவே அவர் புதிரைத் தேர்ந்தெடுத்தார். ஆக, பொதுப் பயன்பாட்டுக் கணினி சதுரங்கத்தில் எடுத்து வைத்த முதல் அடியே ஒரு மாத் புதிரில்தான் நிகழ்ந்தது. அதே மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் அபூஸகரிய்யா யஹ்யா அல்ஹகீம் என்பவரின் அரபுச் சதுரங்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. மன்ஸூபாக்கள் நிறைந்த அந்தப் பிரதியும் அந்தக் கணினியும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயலே.

மன்ஸூபாக்களில் பெரும்பாலானவை இந்த முன்னோக்கு முறைக்கு எளிதில் வசப்படுவன. ஒவ்வொரு நகர்த்தலும் ஷாஹ் ஆக இருப்பதால் எதிரிக்கு ஓரிரு மறுமொழிகளே எஞ்சுகின்றன. மரம் உயரமாக வளர்ந்தாலும் கிளைகள் குறைவு. வைரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கே ஷாஹ்களின் நெருக்கடி இல்லை, நடையோ நெடியது. கண்ணை மூடிக்கொண்டு முன்னோக்கித் தேடினால் ஒரே நிலைகள் வெவ்வேறு வழிகளில் மீண்டும் மீண்டும் வந்து குவியும்.

இதற்கு உகந்தது இரண்டாவது வழி. அது பின்னோக்கிச் செல்வது. முதலில் அக்காய்கள் அமையக்கூடிய நிலைகள் எல்லாவற்றையும் கணினி பட்டியலிடும். ஆட்டம் முடிந்துவிட்ட நிலைகளை ‘வெற்றி’ எனக் குறிக்கும். பின்பு, ஒரே நகர்த்தலில் அவ்வெற்றியை அடையும் நிலைகளைக் குறிக்கும். பிறகு, எதிரி எப்படி நகர்த்தினாலும் அக்குறித்த நிலைகளுள் ஒன்றிலேயே விழ வேண்டியிருக்கும் நிலைகளைக் குறிக்கும். இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நடந்து, புதிதாகக் குறிக்க ஏதுமில்லாதபோது பணி நிறைவுறும். எஞ்சியவை சமன்.

வைரத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அரசன் ஒவ்வொருவனுக்கும் 64 கட்டங்கள். ஃபிர்ஸான் மூலைவாட்டிலேயே நகர்வதால் ஒரே நிறக் கட்டங்களை விட்டு ஒருபோதும் வெளியேறாது. எனவே அதற்கு 32 கட்டங்களே. இவற்றைப் பெருக்கி, நகர்த்தும் முறை யாருடையது என்பதற்காக இரண்டால் பெருக்கினால் கிடைப்பது 83,88,608. இவற்றுள் விதிக்குப் பொருந்தாதவையும் அடங்கும். மனிதர் ஒருவர் வாழ்நாளில் பார்த்து முடிக்க இயலாத இத்தொகை, இன்றைய கணினிக்கு மிகச் சிறியது.

பின்னோக்கு முறையின் கோட்பாட்டு வித்து, ஜெர்மானியக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. எந்தச் சதுரங்க நிலையும் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக்கு வெற்றி, சமன் என்னும் மூன்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என அவர் காட்டினார். 1970களில் அமெரிக்கரான கென் தாம்ப்ஸன், ராணிக்கு எதிராக ருக் நிற்கும் முடிவாட்டம் முழுவதையும் கணினியில் தீர்த்து வைத்தார். அது எளிதில் வெல்லத்தக்கது எனவே பாடநூல்கள் கருதி வந்தன. அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டர் வால்ட்டர் பிரவுன் அந்தத் தரவுத்தளத்தை எதிர்த்து ராணியோடு ஆடியபோது, விதி அனுமதிக்கும் 50 நகர்த்தல்களுக்குள் முதலில் வெல்ல இயலவில்லை. பின்பு ஆழ்ந்து பயின்று வந்து, சரியாக 50ஆவது நகர்த்தலில் ருக்கைப் பிடித்தார். கணினியின் எதிர்ப்பு, எந்தப் பாடநூலும் சொல்லாத வழிகளில் அமைந்திருந்தது.

2005 அளவில் ஆறு காய்கள் வரையுள்ள முடிவாட்டங்கள் தீர்க்கப்பட்டன. 2012இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லொமனோசொவ் கணினி ஏழு காய்களுக்குத் தீர்வு கண்டது. அவற்றுள் ஒரு நிலையில், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் மாத் ஆவதற்கு 549 நகர்த்தல்கள் தேவைப்படுகின்றன. அந்த வரிசையைக் காணும் கிராண்ட்மாஸ்டர்களுக்கும் இடையிலுள்ள பல நகர்த்தல்களின் நோக்கம் புலப்படுவதில்லை. அது சரி என்பதில் ஐயமில்லை. ஏன் சரி என்பதைச் சொல்லத்தான் எவருமில்லை.

விதி மாறினால் விடை மாறும்

கணினிக்கு நாம் எந்த விதியைக் கற்பிக்கிறோமோ அந்த விதிக்குள் மட்டுமே அதன் சான்று செல்லும். புகழ்பெற்ற ‘தில்ஆராம்’ மன்ஸூபா இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பந்தயத்தில் எல்லாம் இழந்து, இறுதியில் தன் மனைவி தில்ஆராமையே பணயம் வைத்துவிட்ட ஒருவனுக்கு, இரு ருக்குகளையும் பலிகொடு, என்னைக் கொடாதே என்று அவளே குறிப்புணர்த்தியதாகக் கதை சொல்லும். தீர்வும் அவ்வாறே செல்கின்றது. இரு ருக்குகளும் அடுத்தடுத்துப் பலியாகின்றன. காலாளும் குதிரையும் சேர்ந்து மாத் செய்கின்றன.

இத்தீர்வின் உயிர்நாடி ‘ஃபீல்’ என்னும் காயின் தாவலாகும். அரபியில் ஃபீல் என்றால் யானை. இன்று பிஷப் நிற்கும் கட்டத்தில் அது நின்றது. (மூலையில் நிற்கும் ருக்கை யானை என அழைக்கும் நம் வழக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஃபீல் மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாவும், இடையில் நிற்கும் காய் அதற்குத் தடையாகாது. தில்ஆராம் புதிரில் அது தன் பக்கத்துக் குதிரையையே தாண்டிச் சென்று, பின்னாலிருக்கும் ருக்கின் பாதையைத் திறந்துவிடுகின்றது. இன்றைய பிஷப்பால் அது இயலாது. ஆகவே நவீன விதிகளை மட்டும் அறிந்த நிரலிடம் இப்புதிரைக் கொடுத்தால், அழகிய அத்தீர்வு செல்லாது என்றே சொல்லும். அக்கூற்றில் பிழை இருக்காது. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடையுமாகாது. புதிர்களுக்கெனவே உருவாக்கப்பட்ட ‘பாப்பாய்’ போன்ற நிரல்கள் ஃபிர்ஸான், ஃபீல் முதலிய பழங்காய்களையும் ஏற்கின்றன. அவற்றின் துணையோடு மன்ஸூபாக்களை அவற்றின் சொந்த விதிகளிலேயே சோதிக்க முடிகின்றது.

பழைய நூல் ஒன்றை மதிப்பிடும்போது, அது எழுந்த காலத்தின் மொழியையும் மரபையும் அறிந்தே மதிப்பிட வேண்டும் என்பது ஆய்வுலகின் நெறி. கணினியைக் கையாள்பவருக்கும் அந்நெறி பொருந்தும்.

சென்னப்பட்டணத்தின் குலாம் காஸிம்

மன்ஸூபா மரபு ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. காஸ்தீலின் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவுக்காக 1283இல் நிறைவுற்ற விளையாட்டு நூலில் இடம்பெற்ற 103 சதுரங்கப் புதிர்களுள் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் மரபைச் சேர்ந்தவை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ராணிக்கும் பிஷப்புக்கும் புதிய வலிமை தந்து விதிகளை மாற்றினர். அவ்விதிகள் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது, இந்தியர்கள் அவற்றைக் கற்றுத் தேர்ந்தது மட்டுமன்றி நூல்களும் படைத்தனர். திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் அமைத்த புதிர்நிலைகள் 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சாயின.

இவ்வரிசையில் நம் கவனத்துக்குரிய பெயர் சென்னையைச் சேர்ந்த குலாம் காஸிம். 1828–29இல் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலம் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. சென்னைத் தரப்பின் ஆட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே. அவரும் சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரியான ஜேம்ஸ் காக்ரேனும் இணைந்து ‘முஸியோ கேம்பிட்’ எனப்படும் தொடக்க ஆட்டத்தை ஆராய்ந்து எழுதிய நூல், 1829இல் சென்னை கூரியர் அச்சகத்தில் வெளியாயிற்று. அவ்விரு கடித ஆட்டங்களும் குறிப்புகளுடன் அதில் இடம்பெற்றன. (கல்கத்தாவில் வாழ்ந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜான் காக்ரேன் வேறொருவர்.)

முஸியோ என்பது, எதிரி அரசனை விரைந்து முற்றுகையிடுவதற்காகத் தன் குதிரையையே பலியாக விட்டுவிடும் துணிச்சலான ஆட்டம். ஐந்தாம் நகர்த்தலில் அரசனைக் கோட்டைக்குள் ஒதுக்குவதே அதில் வழக்கம். அதற்கு மாறாக, ராணியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் முன்னேற்றும் வகை இன்றும் உலகச் சதுரங்க நூல்களில் ‘குலாம் காஸிம் கேம்பிட்’ என்றே வழங்குகின்றது. தொடக்க ஆட்டங்களின் பெயர்ப்பட்டியலில் நிலையான இடம் பெற்ற இப்பெயரைத் தமிழ் முஸ்லிம்களாகிய நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அவருடைய ஆய்வைக் கணினியால் தீர்ப்பளித்து முடித்துவிட இயலுமா என்பது அடுத்த கேள்வி. பலகையில் முப்பது காய்களுக்குக் குறையாமல் நிற்கும் தொடக்க நிலையில் பின்னோக்கு முறை பயன்படாது. நிலைகளின் தொகை எந்தக் கணினிக்கும் அடங்காதது. ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்றைய நிரல்கள் அங்கே தருவது ஒரு மதிப்பீடு. மிக நம்பத்தக்க மதிப்பீடு எனினும், நிரூபணம் அன்று. ஆனால் அவர் காட்டிய ஒரு குறிப்பிட்ட வரிசை மாத்தில் முடிகிறதா என்று கேட்டால், அதற்கு ஐயந்திரிபற்ற விடை கிடைக்கும். அவர் ஒவ்வொரு கிளையையும் எழுதி அச்சிட்டு வைத்ததனால்தான் இது இயல்கின்றது.

இந்தியாவிலிருந்து சென்ற மற்றொரு புதிரும் இங்கு நினைக்கத்தக்கது. 1845இல் லண்டனில் வெளிவந்த சதுரங்க இதழொன்றில், நான்கு நகர்த்தலில் மாத் என்னும் புதிர் ஒன்று ‘ஷாகிர்து’ என்ற புனைபெயரில் வெளியாயிற்று. நம் மதரஸாக்களில் மாணவரைக் குறிக்க வழங்கும் அதே பாரசீகச் சொல். அனுப்பியவர் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் பாதிரியார் ஹென்றி லவ்டே. ‘இந்தியப் புதிர்’ எனப் பெயர் பெற்ற அது, புதிர்க்கலையின் போக்கையே மாற்றியது. வெள்ளையின் பிஷப் முதலில் பலகையின் ஓரத்துக்குப் பின்வாங்கும். பிறகு ருக் அதன் பாதையிலேயே வந்து நின்று வழியை மறைக்கும். இதனால் நகர இடமின்றித் திணறிய கறுப்பு அரசனுக்கு ஒரு கட்டம் திறக்கும். அவன் அங்கு அடியெடுத்து வைத்ததும் ருக் விலகி, ருக்கும் பிஷப்பும் ஒருசேரத் தாக்க மாத் விளையும்.

பழைய ஷத்ரஞ்ச் விதியில் இப்புதிர் பிறந்திருக்கவே முடியாது. தாவிச் செல்லும் ஃபீலின் வழியை எவரும் மறைக்க இயலாது. நகர இடமற்று நிற்கும் அரசன் அன்று தோற்றவனாகவே கருதப்பட்டான். அவனுக்கு வழிவிட வேண்டிய தேவையே எழாது. இன்றைய விதியில் அந்நிலை சமன் ஆவதால்தான் இத்தனை நுட்பமும் தேவையாயிற்று. ஒரு விதியின் மாற்றம் ஒரு புதிய அழகைப் பிறப்பித்திருக்கின்றது. இப்புதிரில் ஆசிரியர் கருதியதல்லாத வேறு வழிகளும் உண்டு எனப் பிற்காலத்தோர் கண்டறிந்தனர். இன்று நிரல்கள் அவற்றை நொடியில் வரிசைப்படுத்திவிடும். கணக்கின்படி அது குறையுள்ள புதிர். எனினும் ஜெர்மானியர்களான கோட்ஸ், கோக்கெல்கோர்ன் இருவரும் 1903இல் அதற்கெனவே ஒரு தனிநூல் எழுதினர். குறையற்ற எத்தனையோ புதிர்கள் மறக்கப்பட்டுவிட, அதன் கருத்து மட்டும் நிலைத்து நின்றது.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இப்போது வைரத்துக்குத் திரும்புவோம். ஸூலி தாம் கற்பித்தவருக்கு மட்டுமே தீர்வு தெரியும் என்றார். அவருடைய மாணவர் அல்லஜ்லாஜ் அதை அறிந்திருக்கக்கூடும். ஆனால் அத்தீர்வு ஏட்டின் வழியாக நம்மை வந்தடையவில்லை. ஆசிரியரின் நாவிலிருந்து மாணவரின் நெஞ்சுக்குச் செல்லும் கல்வி மேன்மையானது; இஸ்லாமிய அறிவு மரபே அவ்வாறு வளர்ந்ததுதான். அதே மரபு, செவிவழி வந்ததை ஏட்டில் பதிந்து, அறிவித்தோரின் வரிசையையும் உடன் எழுதிக் காப்பதையும் தன் கடமையாகக் கொண்டது. கவிஞர்களின் திவான்களைத் தேடித் தேடித் தொகுத்த ஸூலிக்கு இது தெரியாததன்று. வைரத்தின் செய்தியில் மட்டும் சங்கிலி எங்கோ அறுந்துவிட்டது. ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடிக்கத்தக்க தீர்வைப் பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டவர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

கணினி ஸூலியின் கூற்றைச் சோதிக்கும். ஆனால் அவர் எவ்வழியில் அத்தீர்வை எட்டினார், எந்த வாதத்தால் மாணவருக்கு விளக்கினார் என்பதை அதனால் மீட்டுத் தர இயலாது. 83 இலட்சம் நிலைகளின் அட்டவணை அவர் மனத்தில் இருந்திருக்க முடியாது. ஏதோ ஓர் ஒழுங்கை, கட்டங்களுக்கிடையிலான ஓர் உறவை அவர் கண்டிருக்க வேண்டும். அவர்பாக் செய்ததும் அத்தகைய மனிதத் தேடலே. ஆதலால்தான் அவருடைய தீர்வை மற்றொரு மனிதர் படித்து விளங்கிக்கொள்ள முடிகின்றது. விடையை உறுதி செய்வது கணினி. விளக்கத்தைக் கைமாற்றித் தருவது மனிதர்.

ஸூலி, அத்லீ ஆகியோரின் புதிர்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு, பெயர் தெரியாத எழுத்தர்கள் அவற்றைப் படியெடுத்து வைத்ததே காரணம். இஸ்தான்புல்லில் உள்ள அத்தகைய பிரதி ஒன்று கி.பி. 1140ஐச் சேர்ந்தது, ஸூலிக்குச் சுமார் இருநூறு ஆண்டுகள் பிந்தியது. அந்த எழுத்தர் பலகையைக் கோடிட்டுக் காய்களின் பெயர்களைக் கட்டங்களில் எழுதாமல் விட்டிருந்தால், எவ்வளவு வலிய கணினியாலும் சோதிக்க ஏதும் எஞ்சியிராது.

இப்பாடம் நம் வாசல் வரை வருகின்றது. சென்னையில் 1869 முதல் இயங்கி வரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகப் பிரதிகள் உள்ளன. தமிழக மதரஸாக்களின் பழைய நூலகங்களிலும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் குடும்பப் பேழைகளிலும் அரபு, பாரசீக, அரபுத்தமிழ் ஏடுகள் இருக்கின்றன. அவற்றுள் மார்க்க நூல்களைப் போற்றிக் காக்கும் நாம், கணிதம், மருத்துவம், வானியல், விளையாட்டு எனப் ‘பயனற்றவை’ போலத் தோன்றும் தாள்களையும் அதே கவனத்தோடு காக்கிறோமா? கட்டங்கள் வரைந்து நடுவில் ஃபீல், ஃபரஸ், ருக் என எழுதியிருக்கும் ஒரு மங்கிய தாளைக் கண்டால், அதைக் கிறுக்கல் என ஒதுக்கிவிடாத கண் நமக்கு வேண்டும்.

2022இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது; 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இன்றைய தமிழகப் பிள்ளைகள் கணினியின் துணையோடுதான் இவ்விளையாட்டைக் கற்கின்றனர். அவர்களுக்குக் குலாம் காஸிமின் ஆட்டத்தையும் ஸூலியின் வைரத்தையும் பலகையில் நிறுத்திக் காட்டலாம். முதலில் தாமாக முயலட்டும். பின்பு கணினியிடம் கேட்கட்டும். இறுதியில், கண்ட விடையின் காரணத்தைத் தம் சொற்களில் எழுதி வைக்கட்டும். ஸூலியின் தீர்வுக்கு நேர்ந்தது அவர்கள் காணும் தீர்வுக்கு நேராதிருக்க அந்த இறுதிப் படி இன்றியமையாதது.